பழைய எஸ்டீம் வாங்கி ரேஸ் டிராக்கில் ஓட்டலாமா? பவர் ஏத்துறதுக்கு முன்னாடி பிரேக்கைப் பாருங்க!

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரக் கார் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் 3-ம் இடம் பிடித்தது. கார் பந்தயம் டீக்கடைப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது.

இதைப் பார்க்கிற இளைஞர்கள் பலருக்கும் வரும் யோசனை ஒன்றுதான்: "ஒரு பழைய காரை வாங்கி, கொஞ்சம் மாத்தி, நாமளும் டிராக்கில் ஓட்டிப் பார்த்தா என்ன?"

ஓட்டலாம். புது பைக் வாங்குகிற காசுக்கே 20 வயதான ஒரு நல்ல கார் கிடைக்கிறது. ஆனால் காரை வாங்கிய அடுத்த நாளே பலரும் போகிற இடம் சைலன்சர் கடை. அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. எந்தக் காரை வாங்கலாம், எதை முதலில் மாற்றணும், எதைத் தொட்டால் சட்டச் சிக்கல் வரும்? விரிவாகப் பார்க்கலாம்.

டிராக் டே என்றால் என்ன?

டிராக் டே என்பது பந்தயம் இல்லை. ரேஸ் டிராக்கைக் குறிப்பிட்ட நாளில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். சொந்தக் காரில் போய், குழு குழுவாகப் பிரித்து, 15 அல்லது 20 நிமிடம் ஓட்டிவிட்டு வெளியே வர வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் கிடையாது. எதிரே வண்டி வராது, நாய் குறுக்கே ஓடாது, ஸ்பீடு பிரேக்கர் இல்லை. ஆம்புலன்ஸும் கொடி காட்டும் ஊழியர்களும் தயாராக இருப்பார்கள். இதுதான் ரோட்டுக்கும் டிராக்குக்கும் உள்ள வித்தியாசம்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் நீண்ட வரலாறு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில்தான் அந்தக் காலத்துப் பந்தயங்கள் நடந்தன. அதன்பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீள டிராக் வந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் இந்த டிராக்கை இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கிறார்கள். கோவை செட்டிப்பாளையத்தில், ரேஸ் கார் வடிவமைப்பாளர் கரிவர்தன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்தியாவில் முழு அளவு டிராக்குகள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். இந்த இரண்டும் தமிழ்நாட்டில் இருப்பதால், சென்னைக்காரரும் கோவைக்காரரும் காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம்.

ஏன் பழைய கார்?

முதல் காரணம் விலை. இரண்டாவது காரணம் எடை. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் வந்த கார்கள் லேசானவை. மாருதி எஸ்டீம் சுமார் 900 கிலோதான். எடை குறைந்தால் பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறையும். திருப்பத்தில் கார் சொன்ன பேச்சைக் கேட்கும்.

மூன்றாவது காரணம், ஓட்டக் கற்றுக்கொள்வது. இந்தக் கார்களில் பெரும்பாலும் ஏ.பி.எஸ். கிடையாது, சறுக்கலைத் தானாகச் சரிசெய்யும் எலெக்ட்ரானிக்ஸும் கிடையாது. டயர் பிடியை விடுகிற நேரத்தை ஸ்டீயரிங்கும் இருக்கையுமே சொல்லிவிடும். தப்பு செய்தால் உடனே தெரியும்.

அதே காரணத்தால் ஆபத்தும் அதிகம். 20 வருடத்துக்கு முந்தைய கார்களில் பலவற்றில் ஏர்பேக் இருக்காது. பக்கவாட்டில் இடித்தால் தாங்கும் வலு இன்றைய கார் அளவுக்கு இருக்காது. இதை மனசில் வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

எந்த கார் வாங்கலாம்?

மெக்கானிக்குகள் வட்டாரத்தில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் இவை.

மாருதி எஸ்டீம்: 1994 முதல் 2007 வரை தயாரானது. 1,298 சி.சி. இன்ஜின். கார்புரேட்டர் உள்ள ஆரம்பகால மாடல் 65 குதிரைத்திறன். பின்னால் வந்த எம்.பி.எஃப்.ஐ. மாடல் 85 குதிரைத்திறன். இந்தியப் பந்தயங்களில் பல வருடம் ஓடிய கார் என்பதால் இதன் பலமும் பலவீனமும் தெரிந்த கைகள் தமிழ்நாட்டில் நிறைய. முதல் கார் என்றால் எம்.பி.எஃப்.ஐ. எஸ்டீம் பாதுகாப்பான தேர்வு.

பழைய ஹோண்டா சிட்டி: 2000 முதல் 2003 வரை வந்த 1.5 வி-டெக் மாடல் 106 குதிரைத்திறன் கொடுக்கும். அதன் இன்ஜினுக்கு இன்னும் ரசிகர்கள் உண்டு. அதனாலேயே நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் விற்பவர் விலையை இறக்க மாட்டார்.

பழைய பெலினோ: 2007-க்கு முன் வந்த 1.6 லிட்டர் செடான். எஸ்டீமை விட வலு அதிகம், ஆனால் அந்தக் காரின் பாடி பாகங்கள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஃபோர்டு ஐகான், ஃபியஸ்டா 1.6: ஸ்டீயரிங்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் பெயர் போனவை. 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்துவிட்டது. வாங்கும் முன் முக்கியமான பாகங்கள் கிடைக்கிறதா என்று கடையில் கேட்டுவிடுவது நல்லது.

முதல் தலைமுறை ஸ்விஃப்ட் 1.3: 2005-ல் வந்தது. பாகங்கள் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். டிராக்கில் உடைவது சகஜம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து முடிவு செய்வதை விட, வீட்டுக்கு 10 கி.மீ. சுற்றளவில் எந்தக் காரைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார் என்று பார்த்து முடிவு செய்வது புத்திசாலித்தனம்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பெயிண்டையும் சீட் கவரையும் பார்த்து ஏமாறுபவர்கள்தான் அதிகம். டிராக் காருக்கு அது ரெண்டும் தேவையே இல்லை. பார்க்க வேண்டியது வேறு.

துரு: இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். துரு தின்ற பாடியை மாற்ற முடியாது. பானட்டைத் திறந்து சஸ்பென்ஷன் மேலே போல்ட் ஆகும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், கால் மிதியடிக்குக் கீழே உள்ள தகடு, ஸ்டெப்னி குழி ஆகிய நான்கையும் பாருங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இரண்டு முறை பாருங்கள். பட்டி பூசி மறைத்திருந்தால் விரலால் தட்டினாலே சத்தம் வித்தியாசமாக வரும்; சின்ன காந்தம் கொண்டுபோனால் ஒட்டாது.

வெள்ளம்: 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை கோடு போல இருந்தால் சந்தேகம்தான். சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் துரு, தரை விரிப்புக்குக் கீழே மண், பூஞ்சை வாடை இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

விபத்து: முன்பக்கம் நீளமாகப் போகும் சேசிஸ் சட்டங்களில் வெல்டிங் தடம், சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கதவு, பானட் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். சேசிஸ் வளைந்த காரை எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் நேராகப் போகாது.

இன்ஜின்: வண்டி ஆறிப்போய் இருக்கும்போதுதான் போய்ப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்னாடியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று யோசிக்கணும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு உள்ளே தயிர் மாதிரி படிவம் இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுத்து நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். எண் அதிகமாக இருப்பதை விட நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதுதான் முக்கியம்.

டைமிங் பெல்ட்: எஸ்டீம், பழைய சிட்டி இன்ஜின்களில் செயின் இல்லை, பெல்ட்தான். எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பேப்பர்: எஸ்டீம் உற்பத்தி 2007-லேயே முடிந்துவிட்டது. அதாவது இன்று விற்பனைக்கு வரும் எந்த எஸ்டீமும் 15 வயதைத் தாண்டியதுதான். தனியார் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. ஆர்.சி. புதுப்பிக்காத வண்டியை "சும்மா டிராக்குக்குத்தானே" என்று வாங்கினால், டிராக்குக்கு அதை ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஒவ்வொரு முறையும் ரெக்கவரி வண்டிதான்.

சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா, வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா, அபராத சலான்கள் நிலுவையில் உள்ளனவா என்பதையும் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30. கடன் நீக்கத்துக்கு படிவம் 35. வேறு மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28. இந்தப் பேப்பர் இல்லாமல் பணம் முழுசாகக் கைமாறக் கூடாது.

முதல் செலவு எங்கே போகணும்?

"வண்டி பவர் பத்தலப்பா." டிராக்குக்கு முதல்முறை போய்வந்த பலரும் சொல்கிற வார்த்தை இது. ஆனால் பழைய கார் டிராக்கில் முதலில் தோற்பது பவரில் இல்லை, பிரேக்கில்.

ஒரு சின்னக் கணக்கு. ஓட்டுநரையும் சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார் 120 கி.மீ. வேகத்தில் வருகிறது. திருப்பத்துக்காக 60 கி.மீ. வேகத்துக்கு இறங்க வேண்டும். வேகம் பாதியானால் ஆற்றலும் பாதிதானே என்று தோன்றும். இல்லை. வேகம் பாதியானால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். மீதி முக்கால் பங்கும் பிரேக்கில் வெப்பமாக மாறும். அந்த வெப்பம், ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். ஒரே ஒரு திருப்பத்துக்கு, இரண்டு மூன்று விநாடிக்குள் இவ்வளவு சூடு. இருங்காட்டுக்கோட்டை மாதிரி டிராக்கில் ஒரு சுற்றுக்குள் இப்படிப் பல முறை மிதிக்க வேண்டும். அடுத்த மிதிக்குள் பிரேக் ஆறுவதற்கு நேரம் இருக்காது.

ஊருக்குள் ஓடும் காரின் பிரேக்குக்கு இந்தச் சூடு பழக்கமே இல்லை. அப்போது இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, பேடு சூடாகிப் பிடிப்பை இழக்கும்; எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. இரண்டு, பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் மிதித்த பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். நேர்பாதையின் முடிவில், காரின் வேகம் உச்சத்தில் இருக்கும் இடத்தில்தான் இது நடக்கும்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இது 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. வருடக்கணக்கில் மாற்றாத பழைய ஆயிலோடு டிராக்குக்குப் போவதும், கொதிக்கக் காத்திருக்கும் ஆயிலோடு போவதும் ஒன்றுதான். சில நூறு ரூபாய் ஆயில், ஒரு மணி நேர வேலை. ஒரு காருக்குச் செய்யும் மலிவான, முக்கியமான மாற்றம் இதுதான். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. பெயர் ஒத்திருக்கிறது என்று அதை மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது.

அடுத்தது பேடு. அதிகச் சூடு தாங்கும் பேடு போட வேண்டும். அதற்காக முழு ரேஸ் பேடு போட்டால், அது சூடாகும் வரை பிடிக்காது. டிராக்குக்குப் போகும் வழியில் முதல் சிக்னலிலேயே ஆபத்து. ரோடு, டிராக் இரண்டுக்கும் பொதுவான வகைதான் சரி. 20 வயதான ரப்பர் பிரேக் ஹோஸ் அழுத்தத்தில் உப்பும், அதையும் மாற்றிவிடுங்கள். எஸ்டீம் போன்ற கார்களில் பின்பக்கம் டிரம் பிரேக். அதன் வீல் சிலிண்டர் கசிகிறதா என்று திறந்து பார்க்காமல் கிளம்பக் கூடாது.

அதன்பிறகு எதை மாற்றணும்? வரிசை இதுதான்

1. பழையதைப் புதிதாக்குவது. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலண்ட், ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட், சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயிண்ட், வீல் பேரிங், இன்ஜின் மவுண்ட் எல்லாம் நல்ல நிலைக்கு வர வேண்டும். இதற்கு மாடிஃபிகேஷன் என்று பெயர் இல்லை. ஆனால் இதைச் செய்ததும் "வேற கார் மாதிரி இருக்கே" என்று சொல்லாதவர் குறைவு.

2. டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் முழுசாக இருந்தாலும் வயதான டயர் கல் மாதிரி இறுகியிருக்கும். பெரிய அலாய் வீல் அழகுதான். ஆனால் எடை கூடும். நல்ல பிடிப்புள்ள புது டயரும் சரியான அலைன்மென்ட்டும் போதும்.

3. குளிர்ச்சி. மே மாத ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் 20 நிமிடம் விரட்டினால், அடைத்துப்போன ரேடியேட்டர் தாங்காது. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் மூன்றும் சரியாக இருக்கணும். இன்ஜின் ஆயில் அளவு மேல் கோட்டில் இருக்க வேண்டும். நீண்ட திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும். ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் ஆயில் கம்பியை எடுத்துப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

4. சீட்டும் பெல்ட்டும். ஓட்டுநர் நகராமல் உட்கார்ந்தால்தான் ஸ்டீயரிங்கை நிதானமாகப் பிடிக்க முடியும். ஆனால் இங்கே அரைகுறை வேலை உயிருக்கு ஆபத்து. ரேஸ் ஹார்னஸ் பெல்ட் வேண்டுமென்றால் அதற்கேற்ற சீட், சரியான கோணத்தில் பொருத்தும் இடம், கழுத்தைக் காக்கும் உபகரணம் எல்லாம் சேர்ந்தே வர வேண்டும். பின் சீட் கொக்கியில் கட்டிய ஹார்னஸை விட, கம்பெனி கொடுத்த சாதாரண சீட் பெல்ட் எவ்வளவோ மேல். ரோல் கேஜும் அப்படித்தான். தெருவோர வெல்டிங் கடையில் வளைத்த குழாய், காப்பாற்றுவதற்குப் பதில் தலையில் இடிக்கும்.

5. சஸ்பென்ஷன். நல்ல டேம்பர், கொஞ்சம் இறுக்கமான ஸ்பிரிங். உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங்கை வெட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். டேம்பர் சீக்கிரம் போகும், மேட்டில் ஏறி இறங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தை விட்டே நழுவலாம்.

6. எடைக் குறைப்பு. ஸ்டெப்னி, பின் சீட், ஸ்பீக்கர் பெட்டியை டிராக் நாளில் மட்டும் கழற்றி வைத்தாலே பல கிலோ குறையும். செலவு பூஜ்ஜியம்.

7. கடைசியில்தான் இன்ஜின். டர்போ இல்லாத பழைய இன்ஜினில் சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றினால் சத்தம்தான் பெரிசாகக் கூடும், வலு கொஞ்சம்தான். உண்மையான வலு வேண்டுமானால் ஹெட்டைத் திறந்து வேலை பார்க்கணும். அதற்குக் கார் வாங்கின காசை விட அதிகம் ஆகலாம். அந்த வலுவை நிறுத்த மறுபடியும் பிரேக்குக்குச் செலவு.

பணத்தை எப்படிப் பிரிக்கலாம்? கையில் 10 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 5 ரூபாய்க்குள் கார். 2 ரூபாய் பழையதைச் சரிசெய்ய. ஒன்றரை ரூபாய் பிரேக்குக்கும் டயருக்கும். அரை ரூபாய் நல்ல ஹெல்மெட்டுக்கு. மீதி ஒரு ரூபாய் முதல் நாள் உடையப்போகும் ஏதோ ஒன்றுக்கு. 9 ரூபாய்க்குக் கார் வாங்கிவிட்டு, பிரேக் பேடுக்குக் கடன் கேட்பதுதான் வழக்கமாக நடக்கும் விபரீதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட, ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் பிரிவு 182-ஏ, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. காது கிழியும் சைலன்சர் போட்டு ரோட்டில் ஓட்டினால், சத்தம், மாசு தொடர்பான பிரிவு 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும், 3 மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும் வரலாம்.

பேடு, பிரேக் ஆயில், அதே அளவு டயர், புஷ் போன்றவை தேய்ந்ததை மாற்றும் பராமரிப்பு வேலைகள். இன்ஜின் மாற்றுவது, பாடியை வெட்டுவது, ரோல் கேஜ் வெல்டிங் செய்வது வேறு ரகம். பழைய கார் 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. முன் நிற்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. மாற்றிக் குவித்த காரின் ஆர்.சி. புதுப்பிப்பு அங்கேயே நின்றுவிடலாம். அந்த அளவுக்கு மாற்ற ஆசை என்றால், டிராக்குக்கு மட்டும் என்று முடிவு செய்து, ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஈ.சி.ஆர். சாலையிலோ ஓ.எம்.ஆர். சாலையிலோ "டெஸ்ட்" பண்ணிப் பார்ப்பது குற்றம். அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விட்டால், பிரிவு 189-ன்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைக் கட்டிவிடலாம். பால் வாங்கப் போனவர் மீது மோதினால் அதைத் திருப்பித் தர முடியாது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. வழக்கமான கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்புகளில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று எழுதியிருக்கும். "இது ரேஸ் இல்ல, டிராக் டே" என்று வாதாடிப் பணம் வாங்கிவிடலாம் என்று நம்பி இறங்கக் கூடாது. டிராக்கில் நுழையும் முன், சேதத்துக்குத் தானே பொறுப்பு என்று கையெழுத்தும் வாங்குவார்கள். ஓட்டுநருக்கான மருத்துவ, விபத்துக் காப்பீட்டில் மோட்டார் பந்தயங்களுக்கு விலக்கு இருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள்.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது: நாளைக்கே சுவரில் மோதி நொறுங்கினாலும் குடும்பச் செலவு பாதிக்காத விலையில்தான் டிராக் கார் இருக்கணும். வீட்டுக்கு இருக்கும் ஒரே காரை, அதுவும் இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும்போது, டிராக்கில் இறக்குவது சரியான யோசனை இல்லை.

அன்றைக்கு என்ன செய்யணும்?

முழு முகத்தை மறைக்கும் ஹெல்மெட், மூடிய ஷூ, பருத்தியில் முழுக்கை சட்டை, பேன்ட், டிரைவிங் லைசென்ஸ் இவை அடிப்படை. காருக்குள் இருக்கும் தண்ணீர் பாட்டில், கால் மிதியடி, சாமி படம், குடை உட்பட அசையும் பொருள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கும் ஒரு பாட்டில் போதும். பேட்டரி ஆடாமல் கட்டியிருக்கணும். டோ ஹூக் கையில் இருக்கணும்.

கொடிகளை மனப்பாடம் செய்ய வேண்டும். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகத் திரும்பு. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது, வழிவிடு. கறுப்பு என்றால் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், உள்ளே வா.

முதல் சுற்று டயரும் பிரேக்கும் சூடாக. கடைசிச் சுற்று பிரேக்கைத் தொடாமல் ஆற. உள்ளே வந்து நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. கொதிக்கிற சூட்டில் பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டயர் காற்றழுத்தம் சூட்டில் ஏறியிருக்கும், அளந்து குறைக்கணும். வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கணும். பெடல் கொஞ்சம் ஆழமாகப் போனாலும், "இன்னும் ரெண்டு ரவுண்டு தாங்கும்" என்று நினைக்காமல் உடனே உள்ளே வந்துவிடுங்கள். மாலையில் அதே காரில்தான் நெடுஞ்சாலையில் வீட்டுக்குத் திரும்பப் போகிறீர்கள். கிளம்பும் முன் பேடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காரே வாங்காமல் முயற்சி செய்ய முடியுமா?

முடியும். சென்னையிலும் கோவையிலும் ரேஸிங் பயிற்சி தரும் பள்ளிகள் இருக்கின்றன. அவர்களின் கார், அவர்களின் பிரேக், பக்கத்தில் சொல்லித்தர ஆள். ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்தாலே, இந்த ஆசை நிலைக்குமா, இல்லை ஒரு ரீல்ஸோடு முடியுமா என்று தெரிந்துவிடும். நிலைத்தால், அதன்பிறகு எஸ்டீமைத் தேடலாம்.

வாங்கிய காரை முதல் மூன்று டிராக் நாட்களுக்குப் புது பிரேக் ஆயில், நல்ல பேடு, நல்ல டயரோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள். இன்ஜினைத் தொடாமலே ஒவ்வொரு முறையும் சுற்று நேரம் குறைந்துகொண்டே வந்தால், இன்னும் மேம்பட வேண்டியது காரில் இல்லை, ஓட்டுபவரிடம் என்று புரிந்துகொள்ளலாம். சைலன்சர் கடைக்குப் போவதை அதுவரைக்கும் தள்ளிப்போடலாம்.